வியாழன் நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்கும்

“காலமை அவையின்ரை நிலத்தைத் துடைக்கிறனி. பின்னேரம் அவையோடை சரிக்குச் சரி இருந்து ஊர் ஆளப் போறியோ?”

சின்னம்மா இதைக் கேட்டபோது நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்துக்கொண்டிருந்தேன். பலெர்மோவில், போர்கோ வெக்கியோவின் சந்தைத் தெருவுக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் அறை. கீழே ஆட்டுக்குடல் சுடுகிறவனின் புகை நேராக எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். பூட்டினால் மூச்சு முட்டும், திறந்தால் உடுப்பெல்லாம் மணக்கும். அன்று பூட்டி வைத்திருந்தேன். முதன்முதலாகக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறவள் சுட்ட குடல் மணத்தோடு போகக் கூடாது என்பது என் எண்ணம்.

“ஆளப் போகேல்லை, சின்னம்மா. என்ன கதைக்கினம் எண்டு கேக்கப் போறன்.”

“கேக்கிறதுக்கு இஞ்சை ரேடியோ இருக்கு.”

பகிடிதான். ஆனால் பகிடிக்குள் பயமும் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் ஏதாவதொன்றில் பேர் கொடுத்தால் பிறகு அந்தப் பேரைத் தேடி யாராவது வீட்டுக்கு வருவார்கள். இராணுவமா இயக்கமா என்பதுதான் வித்தியாசம். பலெர்மோவிலிருந்த எங்கள் ஆட்களுக்கு ‘கட்சி’ என்ற சொல்லுக்கு அதற்கு மேல் அர்த்தம் இருக்கவில்லை. பேர் கொடுக்காதே, முன்னுக்கு நிற்காதே, பின்னுக்கும் நிற்காதே. சின்னம்மா அந்த மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து அதுவரை உயிரோடு இருந்தவர்.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். அப்பு ஊரில், தீவுப்பக்கம், கடற்றொழில் செய்தவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. நான் உயர்தரம் வரை படித்து எல்லாப் பாடமும் சித்தியடைந்தேன். மேலே படிக்க வேண்டிய வருடத்தில் சண்டை பெருத்தது. சின்னம்மா ஏற்கெனவே இங்கே வீடு துடைத்துக்கொண்டிருந்தார், நானும் வந்து சேர்ந்தேன். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். இந்த நகரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்டது ஒன்றைத்தான்: “நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?” எந்தப் பக்கம் என்று சொன்னால் அப்பு என்ன தொழில் செய்தார் என்று விளங்கிவிடும், அதன் பிறகு அவர்கள் சிரிக்கிற விதம் கொஞ்சம் மாறும். அவர்களும் என்னைப்போலத்தான் மொப்பும் வாளியுமாக நின்றார்கள். அது அந்தச் சிரிப்பை ஒன்றும் செய்யவில்லை.

சான்றிதழைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் சிஞ்ஞோரா. நான் வேலை செய்த வீட்டுக்காரி. உயர்பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறவர். லிபெர்த்தா வீதிக்குப் பக்கத்தில், கூரை முட்டப் புத்தகம் அடுக்கிய வீடு. ஒருநாள் தூசு தட்டும் துணியைக் கையில் வைத்தபடி ஒரு புத்தகத்தின் முதுகை நான் வாசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார். என்ன படித்தாய் என்று கேட்டார். வரலாறு, அரசியல் என்றேன். உடனே புருசனைக் கூப்பிட்டு, நான் சொன்னதைத் திரும்பவும் சொல்லவைத்தார். அதன் பிறகு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், நான் கோப்பித் தட்டோடு உள்ளே போகும் நேரம் பார்த்துச் சொல்வார்: “எங்கள் பிள்ளை உயர்பள்ளி முடித்தவள், தெரியுமா? வரலாறு!” அவர்கள் “அப்படியா” என்று என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீனி எடுப்பார்கள். என் முகம் சூடாகும். பெருமையில் சூடாகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். “உன்னைப் போன்றவர்கள் இல்லாமல் நாங்கள் என்ன இடதுசாரி?” என்றார். அந்த வசனத்தை நான் அன்று இரவு முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்சிக் கிளை எங்கள் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்தது. முன்பு ஏதோ சாமான் அறையாக இருந்த இடம். இரும்பு ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்திருப்பார்கள், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கட்சி சில வருடங்களுக்கு முன்னர் பேரையும் சின்னத்தையும் மாற்றியிருந்தது. பழைய சிவப்புக் கொடியை யாரும் எறியவில்லை, மூலையில் சுருட்டிச் சாத்தி வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்த கிழவர்கள் இன்னும் பழைய பேரைத்தான் சொன்னார்கள். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வார்கள்.

முதல் நாளே ஒன்று கவனித்தேன். லிபெர்த்தா வீதிப் பக்கத்திலிருந்து வருகிற ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஒரு பல் டாக்குத்தர், எல்லோரும் முன்வரிசை. சந்தைக்காரரும் துறைமுகத்துக்காரரும் பின்னுக்கு, ஷட்டருக்குப் பக்கத்தில், பாதிப் பேர் நின்றபடி, புகைத்தபடி. நடு வரிசைகளில் ஒருவரும் இல்லை. முன்னுக்குச் சிஞ்ஞோரா தனக்குப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். பின்னுக்கு எனக்குத் தெரிந்த ஒரே முகம், சந்தையில் மீன் விற்கிற மனிசி. நான் நடுவில் இருந்தேன். பிறகு வந்த கூட்டங்களிலும் அங்கேதான் இருந்தேன், எனக்கு முன்னும் பின்னும் வெறுங்கதிரைகளாக.

கோடையில் பேட்டைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசினார்கள். பொஸ்னியாவைப் பற்றி அதைவிட நீளமாகப் பேசினார்கள். எனக்கு அவர்கள் நினைத்ததைவிடக் கூட விளங்கியது. கூட்டம் முடிந்ததும் கோப்பிக் கோப்பைகள் மேசையில் கிடந்தன. என் கைகள் என்னைக் கேட்காமலே அவற்றைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கழுவி வைத்தன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கைகளை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். கோப்பைகள் கிடந்தன. அதற்கடுத்த செவ்வாய் அதே கோப்பைகள் அடியில் காய்ந்த கோப்பியோடு அதே இடத்தில் இருந்தன. கடைசியில் மீன்காரிதான் ஏசிக்கொண்டு கழுவினாள். அவள் பேசிய சிசிலிப் பேச்சு எனக்கு எங்கள் கரைப்பக்கப் பேச்சுப் போலவே கேட்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன்: “உலகத்தைத் திருத்த வந்த ஆக்கள்! ஒரு கோப்பையைத் திருத்தத் தெரியாது.”

குளிர்காலத்தில் எனக்குக் கட்சி அட்டை தந்தார்கள். வாக்குரிமை இல்லாதவளுக்கும் அட்டை உண்டு. செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இளம் வழக்கறிஞர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர், அடுத்த வசந்தத்தில் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறவர். அட்டையைச் சான்றிதழ் இருந்த உறைக்குள்ளேயே வைத்தேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. தேவாலயத்தில், ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனால், ஆண்கள் இரண்டு பேர் எனக்குக் கேட்கக்கூடியதாகவே சொல்லிக்கொள்வார்கள்: “கட்சிக்காரி வாறா, வழி விடுங்கோ.” வழியும் விடுவார்கள். பெண்களும் விட்டார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பு பூசை முடிந்தால் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு யோசனை இருந்தது. இந்த நாட்டில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. பழைய வழக்கம், சட்டமும் அதுதான். எங்கள் பெண்கள் வியாழன், ஞாயிறு பின்னேரங்களில் பொலித்தெயாமாச் சதுக்கத்தில் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருந்து கதைப்பார்கள். கதை எப்போதும் ஒன்றுதான்: யார் ‘இன் ரெகோலா’, யார் இல்லை. அதாவது யாருடைய சிஞ்ஞோரா அலுவலகத்துக்குப் போய், இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று பதிந்திருக்கிறார், யாருடையவர் பதியவில்லை என்பது. பதிவு இல்லாவிட்டால், தங்கும் அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகும்போது, எங்கே வேலை என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொய் தேட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் பதிவில்லை. எங்கே போய் யாரைக் கேட்பதென்று தெரியாது. கிளையை வியாழக்கிழமை நான்கு மணிக்குத் திறந்துவைத்து, நான் அங்கே இருந்து, வருகிறவர்களின் விசயத்தைக் கேட்டு, தேவைப்பட்டால் வழக்கறிஞரான செயலாளரிடம் சொன்னால் என்ன? ஒரு ஷட்டர், ஒரு மேசை, நான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமைக் கதவு கிடைத்தால் நான் அந்தக் கிளையில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், பொலித்தெயாமா வாங்கில் எனக்கும் மறுபடி ஒரு இடம் இருக்கும் என்று நினைத்தேன்.

செயலாளருக்கு யோசனை பிடித்தது. சிஞ்ஞோரா கை தட்டினார். துண்டுப்பிரசுரம் ஒன்று அடிக்கலாம் என்று முடிவாயிற்று. தமிழில் நானே கையால் எழுதினேன். என் எழுத்து வடிவானது, அதை மறைக்க மாட்டேன். ‘வீட்டு வேலையும் வேலைதான். உங்களைப் பதிய வேண்டியது வேலை தருகிறவரின் கடமை. வியாழன் பின்னேரம் உங்கள் ஓய்வு, அது யாரும் தரும் தயவு அல்ல. சந்தேகம் இருந்தால் வாருங்கள். வியாழன் நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்கும். பயப்பட வேண்டாம்.’

செயலாளர் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். “அழகாக இருக்கிறது. ஆனால் நீ எங்களைத் திட்டி எழுதியிருந்தாலும் எங்களுக்குத் தெரியாதே!” எல்லோரும் சிரித்தார்கள். அதனால் மறுபக்கத்தில் இத்தாலியனிலும் அதே விசயத்தை அடித்தார்கள். இத்தாலியன் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தவர் சிஞ்ஞோரா. என் வசனத்தில் இருந்த ஒரு பிழையைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, அடுத்ததற்கு ‘நன்று’ என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் நின்று கொடுத்தேன். செயலாளரின் தேர்தல் அட்டைகளையும் கூடவே தந்துவிட்டிருந்தார்கள். அவருடைய படம் போட்ட சின்ன அட்டைகள், புனிதர் படங்கள் அடிக்கிற அதே அளவு.

“இவர் எந்தப் புனிதர், பிள்ளை? புதுசோ?” என்றார் சின்னம்மா. “மீசை வடிவாய்த்தான் இருக்கு. நேர்த்தி வைச்சா என்ன தருவார்?”

பெண்கள் சிரித்தார்கள். கன நாளுக்குப் பிறகு என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். பிரசுரத்தை வாங்கி வாசித்தார்கள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்கள். பின்னேரம் பொலித்தெயாமாவுக்கும் கொண்டுபோனேன். அங்கே யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்களும் வருவார்கள். அவர்களில் ஒரு அக்கா ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். ஒரு எழுத்து விடாமல் நின்று வாசித்துவிட்டு, “எழுத்து ஆற்றை?” என்றார். என்னுடையது என்றேன். “நல்ல எழுத்து” என்றார். அப்பு என்ன தொழில் என்று தெரிந்திருந்தும் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது நான் தெருவில் வேகமாக நடந்தேன்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எழுதினால், வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நம்ப முடியாது. எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் ஒரு வசனத்தில் விளங்கும்: பிரசுரம் கிடைத்த பெண்களில் கனபேர் அதைக் கொண்டுபோய்த் தங்கள் தங்கள் சிஞ்ஞோராவிடம் காட்டினார்கள்.

அது எங்கள் வழக்கம். இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து கையில் கிடைக்கிற எந்தக் கடதாசியையும், குவெஸ்தூராவிலிருந்து வந்ததோ, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததோ, கேஸ் பில்லோ, தெருவில் சோப்புக்கடைக்காரன் நீட்டிய விளம்பரமோ, முதலில் சிஞ்ஞோராவிடம்தான் காட்டுவோம். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, இது முக்கியம், இது குப்பை என்று சொல்வார். கடதாசி என்றால் சிஞ்ஞோரா. கை தானாகப் போய்விடும். தமிழ்ப் பக்கத்தை வாசித்து விளங்கிக்கொண்டவர்களும் கொண்டுபோனார்கள். ‘உங்களைப் பதிய வேண்டியது வேலை தருகிறவரின் கடமை’ என்ற வசனத்தை, பதியாத சிஞ்ஞோராவின் கையிலேயே கொடுத்து, “இது என்ன, சிஞ்ஞோரா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

திங்கள் பின்னேரம் சின்னம்மா வேலையால் வந்து, காலணியைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

“உங்களுக்குத்தானே தமிழ் வாசிக்கத் தெரியும், சின்னம்மா. பிறகேன் காட்டினீங்கள்?”

“வாசிச்சன். எண்டாலும் பேப்பர் எண்டாக் காட்டாமல் இருக்கேலுமோ? பிறகு என்ரை பையுக்குள்ளை கண்டா ஒளிச்சு வைச்சதெண்டெல்லோ நினைப்பா.”

“என்ன சொன்னா?”

“வாசிச்சா. மடிச்சா. இன் ரெகோலா வேணுமெண்டா வேறை வீடு பார் எண்டா. நான் கேக்கவே இல்லையடி! உது என்னெண்டுதான் கேட்டனான்.”

அந்த வீடு சின்னம்மாவுக்கு வாரத்தில் பாதி வேலை. அன்றோடு அது போயிற்று. வேறு சிஞ்ஞோராக்கள் கோபிக்கவில்லை, ‘ஐயோ, நீ என்னை நம்பவில்லையா’ என்று மனம் நொந்தார்கள். ஒருத்தி அழுதாளாம். இன்னொருத்தி வியாழக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், பின்னேரம் நில் என்று சொல்லிவிட்டாளாம். செவ்வாய் மத்தியானத்துக்குள் அந்தப் பக்கத்துச் சிஞ்ஞோராக்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கதைத்து முடித்திருந்தார்கள். அவர்களில் கனபேர் எங்கள் கட்சிக்கு வாக்களிக்கிறவர்கள்.

அன்றைய செவ்வாய்க் கூட்டத்தில் செயலாளர் பொஸ்னியாவைத் தொடவில்லை. நேராக விசயத்துக்கு வந்தார். யோசனை நல்லது, நேரம்தான் பிழை என்றார். தேர்தலுக்கு இன்னும் சில வாரம், நம்முடைய ஆட்களையே நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்றார். வியாழக்கிழமைத் திட்டத்தைத் தேர்தல் முடியும்வரை ஒத்திவைக்கலாம், மிச்சப் பிரசுரங்களைத் திருப்பி வாங்கலாம் என்று முன்மொழிந்தார்.

நான் எழும்பினேன். அந்த அறையில் எழும்பி நின்று பேசியது அதுதான் முதல் தடவை. இத்தாலியன் வாய்க்குள் ஒட்டியது. பெண்கள் பிழையாக எதுவும் செய்யவில்லை, கையில் கிடைத்த கடதாசியைக் காட்டினார்கள், அவ்வளவுதான் என்றேன். ஏன் காட்டினார்கள் என்று யோசியுங்கள் என்றேன். இப்போது கதவைத் திறக்காவிட்டால் அவர்கள் இனி எந்தக் கடதாசியையும் வாங்க மாட்டார்கள் என்றேன்.

பின்னுக்கிருந்து மீன்காரியின் குரல் வந்தது. “அவுக்காத்தோ, உம்மடை அம்மா வீட்டிலையும் ஒரு தமிழ்ப் பிள்ளை நிக்குதே. அது ரெகோலாவோ?”

வழக்கறிஞரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஷட்டர்ப் பக்கம் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் காது சிவந்து, “அது வேறு, அம்மாவுக்கு வயது போய்விட்டது” என்றார்.

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பி, வகுப்பில் கதைக்கிற அதே நிதானத்தில் சொன்னார்: “அரசியல் என்றால் எப்போது என்பதும் சேர்ந்ததுதான். நீ வரலாறு படித்தவள். உனக்கு விளங்கும்.”

கை உயர்த்தச் சொன்னார்கள். ஒத்திவைக்க ஆதரவாக முன்வரிசை முழுவதும் உயர்ந்தது, சிஞ்ஞோராவும். பின்னுக்குத் திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்துக் கிழவர்கள் உயர்த்தினார்கள். மீன்காரியும் உயர்த்தினாள், என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. எதிர்ப்பவர்கள் என்றபோது நான் கையைத் தூக்கினேன். எண்ணத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் செயலாளர் முறையாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, “ஒன்று” என்று சொன்னார். கையை எப்போது இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே மீன்காரி எனக்காக நின்றாள். அவளுடைய கையில் எத்தனை தரம் கழுவினாலும் போகாத மணம் இருந்தது, எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த மணம்.

“கோவமோ?”

“இல்லை.”

“பொய் சொல்லாதை. என்ரை மோன் நகரசபையிலை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். ஆற்றை கையிலை இருக்கு எண்டு உனக்குத் தெரியுந்தானே. நான் என்ன செய்ய, நீ சொல்லு.”

நான் மேலங்கிப் பொத்தானைப் பூட்டினேன். அவள் தன் வழியில் போனாள்.

புதன் காலை சிஞ்ஞோரா வீட்டில், நான் உடுப்பு மாற்றி வருவதற்குள் அவரே கோப்பி போட்டு வைத்திருந்தார். முன்பு ஒருநாளும் செய்ததில்லை. சமையலறை மேசையில் எதிரெதிராக இருந்தோம்.

“என்னோடு கோபமா?”

“சிஞ்ஞோரா, நான் இன் ரெகோலாவா?”

மூன்று வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. மற்றவர்களிடம் கேள் கேள் என்று சொன்னவள் கேட்டதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் அது நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். நடக்கவில்லை என்று இன்னொரு பக்கத்துக்குத் தெரிந்திருந்தது, பெர்மெசோ புதுப்பிக்கும் முறை இன்னும் வராததால் அந்தப் பக்கத்தைப் பேசவிடவில்லை.

அவர் கரண்டியால் கோப்பியைக் கலக்கினார். சீனி போடாத கோப்பி. “நீ இந்த வீட்டு ஆள் மாதிரி. உனக்கும் எனக்கும் இடையில் இந்த அலுவலகக் கதையெல்லாம் வரும் என்று நான் யோசிக்கவேயில்லை.” பிறகு, “தேர்தல் முடியட்டும். இரண்டு பேரும் ஆறுதலாகப் பார்ப்போம்.”

அன்று புத்தக அலுமாரிகள் முறை. மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை துடைத்தேன். ஒரு புத்தகத்தின் பேரையும் வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு முன்னரே கிளைக்குப் போனேன். ஷட்டர் நிலம் வரை இறக்கிப் பூட்டியிருந்தது. யாராவது பிரசுரத்தை நம்பி வந்தால், இல்லை என்று சொல்லவாவது ஒரு ஆள் வேண்டுமே. மதில்களில் தேர்தல் சுவரொட்டிகள் பசை காயாமல் மினுங்கின. செயலாளரின் மீசை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெருமுனை வரை போயிற்று. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதியது. ஒருவரும் வரவில்லை. சின்னம்மா வேறு வீடு தேடி நடந்துகொண்டிருந்தார். என்னைத் தெரிந்த பெண்கள் சந்தைக்குப் போகும்போது மற்றச் சந்தால் சுற்றிப் போனார்கள், அதை நான் கண்டேன்.

திரும்பலாம் என்று நினைத்தபோது அந்தக் கச்சேரி அக்கா வந்தார். பிரசுரம் கையில், நாலாக மடித்தபடி.

“இஞ்சைதானோ?”

“ஓம் அக்கா. ஆனா… தேர்தலுக்குப் பிறகுதானாம். ஒத்திவைச்சிட்டினம்.”

“ஆர் ஒத்திவைச்சது?”

“கட்சி.”

பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் என்ரை சிஞ்ஞோராட்டைக் காட்டேல்லை. எல்லாரும் காட்டினவையாம். நான் உங்களிட்டைக் கேட்டிட்டுச் செய்வம் எண்டு இருந்தனான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டார்: “குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பதிஞ்சிருக்கிறியளோ?”

“இல்லை.”

“நீங்களே?”

“இல்லை அக்கா.”

தலையை மெல்ல ஆட்டினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரசுரத்தை இன்னொரு மடிப்பு மடித்துக் கைப்பைக்குள் வைத்து, “சரி பிள்ளை, பிறகு வாறன்” என்றார். எங்கள் ஆட்கள் போகும்போது சொல்கிற ‘பிறகு வாறன்’தான். சதுக்கப் பக்கம் நடந்து போனார். நான் ஷட்டருக்கு முன்னால், இருட்டும்வரை என்று இல்லை, ஆனால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கதவைக் கட்சி திறக்கும் என்று காத்திருந்தேன். என்னைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது என் வடிவான எழுத்து மட்டும். நானே பதிவில்லாமல் இருந்துகொண்டு மற்றவர்களைப் பதியச் சொல்லியிருக்கிறேன்.

கட்சி அட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பிரசுரங்களைத் திருப்பி வாங்கவும் இல்லை. செவ்வாய்க் கூட்டத்துக்கும் போனேன், நடுவரிசையில் இருந்தேன், யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள், புதன்கிழமை, வேலை முடித்து மேலங்கியைப் போட்ட பிறகு சிஞ்ஞோராவிடம் சொன்னேன். பின்னால் போய்ச் செய்தாள் என்று ஒரு சொல் வரக் கூடாது.

“நாளைக்குத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல.”

“உன்னைப் பற்றி அல்ல, என்னைப் பற்றிச் சொல்ல என்று சொல்” என்றார் அவர். வரலாறு படிப்பிக்கிறவரின் குரல் இல்லை அது. “இந்த நேரத்தில்? செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்குப் பக்கத்தில் இருந்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை.”

“பக்கத்தில் இல்லை, சிஞ்ஞோரா. இரண்டு வரிசை பின்னால்.”

அவர் வீட்டுத் திறப்பைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. கதவு வரை வந்தார், பிறகு படியிறங்கும்போது பின்னால் மூடும் சத்தம் கேட்டது.

சின்னம்மாவுக்குப் புதிய வீடு கிடைத்துவிட்டது, வாரத்தில் இரண்டு நாள். என் வேலையை விட்டதைச் சொன்னேன். “விசரி” என்றார். பிறகு எழும்பிப் போய் என் மேலங்கியைத் தூரிகையால் துடைத்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் வியாழன். தொழிற்சங்க அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில். பதிவில்லாமல் வேலை செய்கிறவர்களின் முறைப்பாட்டை அங்கே எடுப்பார்கள். வாங்கில் கட்டட வேலைக்காரர்கள் சிலரும் மொரொக்கோ ஆள் ஒருவரும் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் தமிழர் வேறு யாரும் இல்லை, பெண்ணும் நான் மட்டும்தான். என் முறை வந்தது. தட்டச்சுப் பொறிக்கு முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கடதாசியை உருளையில் சுற்றினார். எங்கே வேலை, எவ்வளவு காலம் என்று கேட்டார். சொன்னேன். முதலாளியின் பேர் என்ன என்றார். அதையும் சொன்னேன், முழுப்பேரையும், ஒவ்வொரு எழுத்தாக. அவர் தட்டத் தொடங்கினார்.